என் பேரில் இருந்த மீன்கள்

செய்தி வந்தபோது நான் மூவாரில் எங்கள் மரக்கடை வாசலில் பலகைகளுக்குச் சுண்ணாம்பால் குறி போட்டுக்கொண்டிருந்தேன். பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என்னோடு வேலை பார்த்த, ஆட்களை மேற்பார்க்கும் கண்டக்டர் நாராயணன், ஏதோ காரியமாக ஊருக்குள் வந்தவர், குடையை மடக்கியபடியே சொன்னார்: "டிரசர் போயிட்டாருங்க. உங்களுக்குத் தெரியாதா?" எந்த டிரசர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு டிரசர்தான். "பத்து நாளாச்சுங்க. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. ஊருக்கெல்லாம் மருந்து குடுத்தவரு, தனக்கு ஒண்ணும் வேணாம்னுட்டாரு" என்றார். நான் பலகையின் மேலேயே உட்கார்ந்தேன். முன்பெல்லாம் சாவுச் செய்தி வந்தால் கண் கலங்கும். இப்போது முதலில் உட்கார இடம் தேடுகிறேன். வயது அப்படி. போனவர்கள் பட்டியலும் நீண்டுவிட்டது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் காயத்துக்குக் கட்டுப்போட்டு, மருந்து கொடுக்கும் டிரசராக இருந்த வேதமாணிக்கத்தை அறிந்தவர்கள் இன்று ஜோகூர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள். பெக்கான் நானாஸ் அன்னாசிக் காட்டில் இருக்கிறார்கள், சிங்கப்பூர் துறைமுகத்தில் இருக்கிறார்கள், பாதிப் பேர் கப்பலேறி ஊருக்கே போய்விட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுத உட்காருவதற்கே நான்கு நாள் ஆயிற்று. அஞ்சலி எழுத எனக்கு அருகதை உண்டா என்ற சந்தேகம் ஒருபுறம். அதைவிடப் பெரியது, எழுதினால் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேதமாணிக்கம் ஒல்லியான மனிதர். காக்கிக் கால்சட்டை, தலையில் நைந்த தொப்பி. ஒரு பையில் காயத்துணி இருக்கும், மறு பையில் தூண்டில் முள் இருக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்தை வாயில் ஊற்றுவார். அப்புறம் ஆஸ்பத்திரி. பிற்பகலில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால். காட்டுச் சதுப்பிலிருந்து வரும் தண்ணீர் அது, கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். அதில்தான் பனையேறிக் கெண்டை கிடைக்கும். மலாய்க்காரர்கள் புயு என்பார்கள். செவுளை ஊன்றி ஈரத்தரையில் நடக்கக்கூடிய மீன். கைப்பிடி அளவுதான், ஆனால் பிடிவாதம் ஜாஸ்தி. எனக்கும் அவருக்கும் ஒரே வயது. தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே என்பதால் ஒட்டிக்கொண்டோம். நான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. அவர் மீன் பிடிப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து துரையைத் திட்டுவேன்.

முதல் மீனை அவர் கூடையில் போடமாட்டார். கரையிலேயே வாழை இலையில் வைத்து, ஆஸ்பத்திரிக் கத்தியால் வயிற்றைக் கீறி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். வெட்டுக்கிளிக் கால் இருந்தால் வெட்டுக்கிளி பிடிப்பார். நெல் மாதிரி ஏதாவது புல்விதை இருந்தால் சோற்றை மாவாகப் பிசைவார். நான், "செத்த மனுஷனை அறுக்கத் துரைங்க விடமாட்டாங்கன்னு மீனை அறுக்குறீரா?" என்று கிண்டல் செய்வேன். அவர் நிமிராமலே சொல்வார்: "மொத மீனு கொழம்புக்கு இல்ல கிராணியாரே. அது நமக்குத் தகவல் சொல்ல வந்தது." எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அவர் கழியை என்னிடம் தந்த நாளெல்லாம் என் நிழலைத் தண்ணீரில் விழவிட்டு மீனை ஓட்டினேன். தூண்டில் என் சட்டையில் மாட்டியது, ரப்பர் மரத்தில் மாட்டியது, ஒருமுறை அவர் தொப்பியில் மாட்டியது. மீனில் மட்டும் மாட்டவில்லை.

ஓர் ஆண்டு மழைக்காலத்தில் என் மனைவி தனபாக்கியம் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தாள். எங்களுக்கு அதற்கு முன் பிள்ளை தங்கவில்லை. குளிர்காய்ச்சல் கண்டது. வேதமாணிக்கம் வந்து பார்த்து கொயினா கொடுத்தார். இரண்டு நாளில் கரு கலைந்துவிட்டது. கர்ப்பிணிக்குக் கொயினா ஆகாது என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பெண்கள் ஏற்கெனவே பேசிவந்தார்கள். என் மனைவிக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. "அந்த ஆளு என் புள்ளையைக் கரைச்சிட்டாரு. இனிமே அவரு நெழலு இந்த வீட்டுல விழக்கூடாது" என்றாள். அவர் அப்போது வாசலிலேயே நின்றிருந்தார். கேட்டுக்கொண்டுதான் படியிறங்கினார்.

மறுநாள் ஆபீசுக்கு வந்தார். நானும் கோபமாகத்தான் இருந்தேன். "மருந்துதானா?" என்று நேராகவே கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சாதித்திருப்பார்கள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு, "காய்ச்சலே கலைக்கும். மருந்தும் கலைக்கலாம். எதுன்னு எனக்கே தெரியல கிராணியாரே. குடுக்காட்டி ரெண்டு பேரும் போயிருப்பாங்கன்னு நெனச்சுக் குடுத்தேன்" என்றார். அதற்குப் பின் என்னால் அவரைக் கோபிக்க முடியவில்லை.

காய்ச்சல் விடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து அவளை உலுக்கிப் போட்டது. மருந்தை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். மூக்கைப் பிடித்து ஊற்றினேன், என் முகத்திலேயே துப்பினாள். சோறும் இறங்கவில்லை. பத்து நாளில் வளையல் முழங்கை வரை ஏறியது. பெரிய டாக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார், அவர் வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதுவரை அவள் தாங்குவாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பிற்பகல் என்ன வேண்டும் என்று கெஞ்சினேன். கண்ணைத் திறக்காமல், "பனையேறிக் கெண்டை கொழம்பு வச்சா ஒரு வாய் எறங்கும்" என்றாள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. அவள் ஊர் வயலெல்லாம் அந்த மீன்தான்.

நான் வேதமாணிக்கத்திடம் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? நேரே ஆற்றோரத்துக் கம்பத்துக்கு, மலாய்க்காரர்களின் கிராமத்துக்கு நடந்தேன். அங்கே ஒரு பெரியவர் மூங்கில் பின்னிக்கொண்டிருந்தார். "புயு அடா?" என்று கேட்டேன். "அடா, அடா" என்று தலையாட்டி, இருக்கிறது என்று உள்ளே போய், மூடிய பிரம்புக் கூடை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். கூடை அசைந்தது. உயிர் மீன் என்று மகிழ்ந்து, என் புதுக் குடையை அவருக்குக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே திரும்பினேன். ஆஸ்பத்திரி முக்கில் வேதமாணிக்கம் எதிர்ப்பட்டார். பாக்கியம் கேட்டதைச் சொல்லி, பெருமையோடு மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே ஆறு காடை உட்கார்ந்திருந்தன.

மலாயில் புயு என்றால் மீன். அதையே முடிவில் கொஞ்சம் மூச்சு விட்டுச் சொன்னால் காடை. தமிழ் வாய்க்கு அந்த மூச்சும் வராது, தமிழ்க் காதுக்கு அது கேட்கவும் கேட்காது. மீன் என்ற சொல்லையும் சேர்த்துக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன். வேதமாணிக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது தெரிந்தது. "அலமாக், கிராணியாரே, இது பறக்கும்லா" என்றார். நான் அங்கேயே, மழையில், கூடையைப் பிடித்தபடி அழுதேன். அவர் கூடையை வாங்கி வார்டு சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து, "கழியை எடுத்துக்கிட்டு வரேன். நீங்க பேசாம ஒக்காந்திருந்தாப் போதும்" என்றார்.

மழை விட்டிருந்தது, ஆனால் வாய்க்கால் கரை புரண்டு ஓடியது. மண்புழு கோத்துப் போட்டார். இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு மீன், விரல் நீளம். அதையும் அறுத்தார். "அட இத வுடுமய்யா, கொழம்புக்காவது ஆகும்" என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. குடலைப் பிதுக்கி என்னிடம் காட்டினார். சிவப்பாகச் சின்னச் சின்னத் தலைகள். முசுறு எறும்பு. "கரையெல்லாம் மண்புழு கரைஞ்சு ஓடுது. நம்ம புழு அதுக்கு எதுக்கு? காத்துல மரத்துலேர்ந்து உதிர்றதத்தான் அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிது" என்றார். வாய்க்கால் மேல் சாய்ந்திருந்த ரம்புத்தான் மரத்தில், இலைகளைத் தைத்து முசுறுகள் கூடு கட்டியிருந்தன. தொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டு மரத்தில் ஏறினார். கூட்டை ஒடித்து ஆஸ்பத்திரிப் பேசினில் போட்டுக்கொண்டு இறங்கியபோது கழுத்தெல்லாம் எறும்பு. ஒன்றையும் தட்டிவிடாமல் முதலில் முட்டைகளைப் பிரித்தார்.

அந்த முட்டை வெந்த சோற்றைவிட மெத்தென்றிருக்கும். முள்ளில் குத்தினால் உடைந்துவிடும். காயத்துணியிலிருந்து ஓர் இழையை உருவி, நாலைந்து முட்டையை முள்ளோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினார். மிதவையைக் கழற்றினார், ஈயக்குண்டையும் கழற்றினார். நான் பிடுங்காத குறையாகக் கழியை வாங்கி வீசினேன், தண்ணீர் சளப்பென்றது. "வீசாதீங்க. விழ விடுங்க" என்று திரும்ப வாங்கிக்கொண்டார். கழி நுனியை மெல்ல நீட்டி, தண்ணீருக்கு மேலே தாழ்ந்திருந்த இலை ஒன்றில் இரையை வைத்தார். சற்றுப் பொறுத்து, இலையிலிருந்து அதை நழுவவிட்டார். "மீனுக்கு எரை மேல சந்தேகம் வராது கிராணியாரே. அது வர்ற விதத்து மேலதான் வரும்." சொல்லி முடிக்குமுன் நூல் பக்கவாட்டில் ஓடியது. இருட்டுவதற்குள் நான்கு மீன்.

மீன்களை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோய், ஈர இலை போட்ட தகரக் குவளையில் உயிரோடு வைத்துத் தந்தபோது அவர் ஒரு நிபந்தனை போட்டார். "நான் புடிச்சேன்னு சொல்லாதீங்க. என் கையால வந்ததுன்னா அவங்க தொடமாட்டாங்க. நீங்க புடிச்சதா இருக்கட்டும். வயித்துல சோறு எறங்கினா மருந்தைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்." நான் ஒப்புக்கொண்டேன். வீட்டில் குவளையை வைத்து, "பாரு பாக்கியம், நானே புடிச்சேன்" என்றேன். அவள் தலையைத் திருப்பிக் குவளையைப் பார்த்தாள். மீன் கழுவிக் குழம்பு வைக்கப் பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அன்று பாக்கியம் நான்கு கவளம் சோறு தின்றாள். நான் கொல்லைப்புறம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பது நாள் வேதமாணிக்கம் மீன் பிடித்துக் கொடுத்தார். நான்காம் நாள் அவளாகவே, "அந்தக் கசப்பு மருந்து இருந்தாக் குடுங்க" என்றாள். மீன் குழம்பு செய்த வேலை என்று நினைத்துக்கொண்டேன். காய்ச்சல் இறங்கியது. பெரிய டாக்டர் வந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

இத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. கிராணி மழை வெள்ளத்தில் மீன் பிடித்துப் பெண்டாட்டியைப் பிழைக்க வைத்தார் என்று லயங்களில் பேச்சுக் கிளம்பியது. முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு இனித்தது. முசுறு முட்டையைப் பற்றியும் இலையிலிருந்து நழுவவிடுவதைப் பற்றியும் நானே கண்டுபிடித்ததுபோல் சொல்ல ஆரம்பித்தேன். 'கெண்டைக் கிராணி' என்று பெயரே வந்துவிட்டது. ஒரு தீபாவளியன்று பத்துப் பேர் நடுவே இதை அளந்துகொண்டிருக்கும்போது வேதமாணிக்கமும் வந்து உட்கார்ந்தார். நான் பாதியில் நிறுத்தினேன். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, "அப்படியா கிராணியாரே? அந்த முட்டையை முள்ளுல எப்படி நிக்க வைக்கிறீங்க? எனக்கு ஒடஞ்சு ஒடஞ்சு போவுதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் இழை சுற்றும் விதத்தை அவருக்கே விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார்.

பாக்கியம் அவரோடு பேசவில்லை. அவரும் அவள் வரும் பாதையைப் பார்த்து வேறு பாதையில் போவார். என்னிடம் தினமும் ஒன்றே ஒன்று கேட்பார்: "வீட்டுல நல்லாருக்காங்களா?" நல்லாயிருக்கிறாள் என்பேன். பிறகு எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். அவர் வந்து பார்க்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் மருந்தை என் கையில்தான் கொடுத்தனுப்பினார்.

மூவாருக்கு வேலை மாறிப் புறப்பட்ட அன்று பெக்கோக் ஸ்டேஷனுக்கு வந்தார். பாக்கியம் குழந்தையோடு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவர் ஜன்னல் பக்கம் போகவில்லை. என்னைத் தூணோரம் கூப்பிட்டு, தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே, "அவங்களுக்கு எம் மேல இன்னும் கோவம்தானா?" என்று கேட்டார். எனக்கு வண்டி கிளம்பும் அவசரம், சாமான் ஏற்றும் கவலை. "பொம்பளை மனசு, அப்படித்தான் இருக்கும். விடுங்க டிரசர்" என்றேன். அவர், "சரி, சரி" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

கண்டக்டர் நாராயணன் போனபின் வீட்டுக்கு வந்தேன். பாக்கியம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செய்தியைச் சொன்னேன். கை நின்றது. இனியும் சுமக்க முடியாது என்று தோன்றியது. எதிரில் உட்கார்ந்து, "நீ படுக்கையில கெடந்தப்போ சாப்பிட்ட மீனு நான் புடிச்சதில்ல. அவரு புடிச்சது" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

அவளே சொன்னாள். "மொத நாளே தெரியும். பனையேறிக்குச் செவுள்ல ரம்பம் மாதிரி முள்ளு. தொட்டாக் கையக் கிழிக்கும். நீங்க கொண்டாந்த மீனு உசுரோட துள்ளுது, ஆனா முள்ளு ஒண்ணொண்ணும் ஒட்டக் கத்தரிச்சிருக்கு. கழுவ வந்தவதான், 'என்னக்கா இது, கை வச்சாக் குத்தவே மாட்டேங்குது'ன்னு எடுத்தாந்து காட்டுனா. அந்தக் கத்தரி ஆஸ்பத்திரியத் தவிர எங்க இருக்கு? அதோட, உங்களுக்கு மீன் புடிக்கத் தெரியுமா?"

"தெரிஞ்சுமா சாப்பிட்ட?"

"தெரிஞ்சதாலதான் சாப்பிட்டேன். மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசினவ வீட்டுல, மீன் கழுவுறவ கையில குத்தக்கூடாதுன்னு முள்ளக் கத்தரிச்சு அனுப்புறாரு. அவரா எம் புள்ளைக்குக் கெடுதல் பண்ணியிருப்பாரு? மூணு நாளு யோசிச்சேன். நாலாம் நாளு மருந்தக் கேட்டேன்."

"அப்போ ஏன் அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீங்க தோட்டம் பூரா நான் புடிச்சேன், நான் புடிச்சேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. நான் போயி அவருக்கு நன்றி சொன்னா நீங்க என்னாவீங்க? நாலு பேருக்கு முன்னால ஒங்களப் பொய்யனாக்கவா? நான் மருந்து குடிச்சது அவருக்குத் தெரியுமே, அதுலயே புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்." ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "புரிஞ்சிருக்கும்ல?" என்று கேட்டாள்.

ஸ்டேஷனில் அவர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் என்னை ஒன்றும் திட்டவில்லை. கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றிரவு சோறு போட்டாள், பேசவில்லை. இதை எழுதும் இன்றுவரை அதிகம் பேசவில்லை. அதில் தவறொன்றும் இல்லை.

ஆகவே, அவரை அறிந்தவர்களே, உங்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிடுகிறேன். கெண்டைக் கிராணி என்று என்னை இனி யாரும் அழைக்க வேண்டாம். நான் வாழ்நாளில் ஒரு பனையேறியும் பிடித்ததில்லை. இரையைப் பற்றி நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம் அவர் சொன்னது. என் மனைவி உயிரோடு இருப்பதும், அதன்பின் எங்களுக்கு மகள் பிறந்ததும் அவரால். அவர் பிடித்த மீனை எல்லாம் என் பேரில் வைத்துக்கொண்டு இத்தனை காலம் மார்தட்டியிருக்கிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, தூணோரம் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான். அதற்கு நான் சொன்ன பதில் தப்பு. சரியான பதில் இப்போது கிடைத்திருக்கிறது, கேட்க ஆள் இல்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

இல்லைங்க டிரசர். உங்க மேல அவளுக்குக் கோவம் இல்லை. அந்த நாலாம் நாளிலேருந்தே இல்லை.